ராஜா மிளகாய் பற்றி நண்பனுக்கு

கொஹிமா,
நாகாலாந்து.

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் மதினியும் பேரப்பிள்ளைகளும் நலந்தானே? உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. இந்த ஆண்டு மழை கைகொடுத்து, குண்டு மிளகாய்ச் செடிகள் பூவெடுத்து நிற்கின்றன என்று படித்தபோது மனம் நிறைந்தது. அதே கடிதத்தில், பெரிய பேரன் கைபேசியில் மிளகாய்ப் பந்தயங்களைப் பார்த்துவிட்டு, இங்கு விளையும் ராஜா மிளகாயில் பத்துப் பழம் அனுப்பச் சொல்கிறான், முழுப் பழத்தை மென்று தின்று காட்டப் போகிறானாம் என்றும் எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் களத்தில் புரண்டு வளர்ந்தவன் என்ற தைரியம் எனக்கும் இருந்தது. மகள் வேலைக்கு வந்த புதிதில், அவளுடன் பணிபுரியும் அங்காமி நாகர் ஒருவர் எங்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அடுப்பங்கரையில் அவருடைய தாயார் ஒரு பழத்தை எடுத்துக் காட்டினார். பெருவிரல் நீளம், சுருக்கம் விழுந்த சிவப்புத் தோல், கிள்ளினால் பழவாசனை. எட்டுப் பேருக்கான குழம்பில் அதில் பாதியை மட்டும் போட்டு, கொதித்ததும் கரண்டியால் எடுத்து வெளியே வைத்துவிட்டார். ஒதுக்கி வைத்த அந்தத் துண்டைத்தான் நான் சோற்றோடு வாயில் போட்டு மென்றேன்.

முதலில் லேசான இனிப்புதான் தெரிந்தது. பத்து எண்ணுவதற்குள் தொண்டையின் அடியில் தொடங்கிய எரிச்சல் நாக்கு, உதடு, காது மடல் வரை ஏறிவிட்டது. விக்கல் பிடித்துக்கொண்டது, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. செம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன். எரிச்சல் வாய் முழுதும் பரவியது. அந்தத் தாயார் செம்பை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, ஆறிய வெறுஞ்சோற்றை உருட்டிக் கொடுத்து மென்று துப்பச் சொன்னார். பிள்ளைகளில் ஒருவன் ஓடிப்போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தான். பாலை ஒவ்வொரு வாயாக நாக்கில் நிறுத்தி நிறுத்தி விழுங்கினேன். அடங்க அரைமணி நேரமாயிற்று.

வீடு திரும்பியதும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். அது உருவாவது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே தண்ணீர் அதைக் கழுவாமல் இடம் மாற்றித்தான் வைக்கிறது. பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்ற புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. நம் நரம்பில் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்கென்றே ஒரு கதவு இருக்கிறது. கேப்சைசின் அதே கதவைத் திறந்துவிடுவதால், வாய் வேகாமலேயே வெந்துவிட்டதாக மூளை நம்புகிறது. 1997-இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. காரத்தின் மேல் சூடான தேநீர் குடித்தால் எரிச்சல் கூடுவதும், குளிர்ந்த தயிர் இதமாக இருப்பதும் இதனால்தான். பறவைகளின் நரம்பிலுள்ள கதவை கேப்சைசின் திறப்பதில்லை. உன் வயலில் கிளிகள் பழுத்த மிளகாயைக் கொத்திக்கொண்டு கவலையில்லாமல் பறப்பதை நாம் சிறுவயதில் எவ்வளவு நேரம் பார்த்து நின்றிருக்கிறோம்!

காரத்தை அளக்க வில்பர் ஸ்கோவில் என்பவர் 1912-இல் வகுத்த அளவையே இன்றும் பெயரளவில் வழங்குகிறது. இங்குள்ள மிளகாயின் நெருங்கிய உறவான அசாமின் பூத் ஜொலோகியா (பேய் மிளகாய்) 2007-இல் 10 லட்சம் ஸ்கோவிலைத் தாண்டி, உலகிலேயே காரமான மிளகாயாகக் கின்னஸில் இடம்பெற்றது. 2023-இல் அந்த இடத்தைப் பிடித்த பெப்பர் எக்ஸ் என்ற மிளகாய்க்கு 26,93,000 ஸ்கோவில். இந்த எண்கள்தான் பிள்ளைகளைப் பந்தயத்துக்கு இழுக்கின்றன.

பேரனிடம் இதை அப்படியே படித்துக் காட்டு. அமெரிக்காவில் 47 வயதுக்காரர் ஒருவர் பேய் மிளகாய்க் கூழ் பூசிய பர்கரைத் தின்று, வாந்தியின் வேகத்தில் உணவுக்குழாய் கிழிந்து 23 நாள் மருத்துவமனையில் கிடந்ததை மருத்துவ இதழ் ஒன்று 2016-இல் வெளியிட்டது. பந்தயத்தில் கரோலினா ரீப்பர் என்ற கடுங்கார மிளகாய் ஒன்றே ஒன்று தின்ற 34 வயதுக்காரருக்கு மூளை இரத்தக் குழாய்கள் சுருங்கி இடிபோன்ற தலைவலி வந்ததை 2018-இல் இன்னொன்று பதிவு செய்தது. இப்படி எல்லோருக்கும் நேர்வதில்லை. ஆனால் காரம் தின்றபின் நெஞ்சு வலியோ கடும் தலைவலியோ வந்தால், தயிரை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

பத்துப் பழம் அனுப்பப் போவதில்லை. காய்ந்த பழம் இரண்டு மட்டும் அனுப்புகிறேன். மதினி அதைத் தொடும்போது கையில் உறை போட்டுக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவட்டும். அதுவரை கண்ணைத் தொடவே வேண்டாம். ஒரு பழத்தில் கால்வாசியைக் குழம்பில் போட்டு, கொதித்ததும் எடுத்துவிடச் சொல். அந்த வாசனையைப் பேரனும் அறியட்டும்; அதற்காகத்தான் இந்த ஊர் மக்கள் இதை வளர்க்கிறார்கள்.

விதையும் கேட்டிருந்தாய். அசாமின் தேஸ்பூரிலும் மத்தியப் பிரதேசத்தின் குவாலியரிலும் பூத் ஜொலோகியாவை வளர்த்து ஒப்பிட்டபோது, குவாலியரின் வறண்ட காற்றில் காரம் பாதிக்கும் கீழே இறங்கியதாக 2005-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. நம் பக்கத்து வெயிலுக்கு இது சரிப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். கிணற்றடி நிழலில் நான்கு செடி மட்டும் வைத்துப் பார்.

இந்த ராஜா மிளகாய்க்கு, நாகா மிளகாய் என்ற பெயரில், 2008-இல் கிடைத்த புவிசார் குறியீடு நம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் கிடைத்தது என்பதை அந்தத் தாயாரிடம் சொன்னேன். காய்ந்த பழத்தைக் குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்கும் என்றதும், பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதல் பறிப்பு களத்தில் காய்ந்ததும் ஒரு கிலோ வற்றல் அனுப்பு.

உன் அன்பு நண்பன்