இருட்டில் கசிகிறது

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்புள்ள மணியம்,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டிக்கொள். போன் போட்டால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். முட்டி வலி அப்படியே இருக்கிறது. உன் தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. முட்டைக்கண்ணன் கடையை மகனிடம் கொடுத்துவிட்டான், தே தாரேயில் நுரைதான் மிச்சம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவள் தீபாவளிக்கு வந்திருந்தாள். முறுக்குத் தட்டைத் தொடவே இல்லை. அவள் முறுக்கைத் தொடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். இரண்டாம் நாள் இரவு பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

பினாங்கில் மூன்று வருடமாக என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் “ஏதோ மருந்து ஆராய்ச்சி” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு பாலிமர் சங்கிலியாம். ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்குப் பிடிக்காது. தண்ணீரில் போட்டால் பிடிக்காத முனைகள் எல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டு உருண்டையாகிவிடும். தலைமுடியின் குறுக்கே ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம், அவ்வளவு பொடி. அதன் வயிற்றுக்குள் மருந்தை வைத்து ரத்தத்தில் அனுப்ப வேண்டும். கட்டி இருக்கிற இடத்தில் மட்டும் வெளிச்சம் அடித்தால் உருண்டை அங்கே திறந்து மருந்தை விட வேண்டும். மற்ற இடத்தில் வாயே திறக்கக் கூடாது. உனக்கு நேர் எதிர்.

எப்படித் திறக்கும் என்று கேட்டேன். உள்ளே அசோபென்சீன் என்று ஒன்றைக் கோத்திருக்கிறாள். ஒரே மூலக்கூறுக்கு டிரான்ஸ், சிஸ் என்று இரண்டு வடிவமாம். டிரான்ஸாக இருக்கும்போது நீட்டிய குச்சி மாதிரி. 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டால் சிஸ்ஸாக மடங்கிக்கொள்ளும். மடங்கினால் தண்ணீர் மேல் இருந்த வெறுப்பும் குறைந்துவிடும், உருண்டை தளரும். நீல வெளிச்சம் காட்டினால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். சிஸ், டிரான்ஸ் என்றதும் எனக்கு உன் கரும்பலகைதான் ஞாபகம் வந்தது. ரப்பர் சிஸ், இன்னொரு மரத்துப் பாலான கெத்தா பெர்ச்சா டிரான்ஸ், இரண்டும் ஒரே சரக்கு, மடிப்புதான் வேறு என்று பையன்களிடம் கத்துவாயே! “உன் மாமாவுக்கு வேர் சிகிச்சை செய்த பல்லில் அடைத்திருப்பது அந்த டிரான்ஸ்தான்” என்றேன். அப்போதுதான் பிள்ளை சிரித்தாள்.

புற ஊதா ஒளி தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாதாம். நான் உள்ளே போய் டார்ச்லைட்டை எடுத்து வந்து உள்ளங்கையில் அழுத்திக் காட்டினேன். பால்மரம் வெட்டப் போகும் என் அம்மாவின் தலைவிளக்கைத் திருடிக்கொண்டு தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் நாம் விளையாடியது ஞாபகம் இருக்கிறதா? விரலெல்லாம் நெருப்பு மாதிரி சிவக்கும். அவளும் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதேதான்பா. நீலம், பச்சையை எல்லாம் ரத்தம் விழுங்கிவிடும், சிவப்பும் அதற்கு அப்பால் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒளியும்தான் உள்ளே போகும்” என்றாள். அதனால் 980 நானோமீட்டர் ஒளியை வாங்கிப் புற ஊதாவாகத் திருப்பிக் கொடுக்கிற துகள்களைச் சிலர் கூடவே சேர்க்கிறார்களாம். சில்லறையைச் சேர்த்து நோட்டாக மாற்றுகிற மாதிரி. ஆனால் கொடுத்த சில்லறையில் பெரும்பங்கு வழியிலேயே தொலைந்துவிடுமாம். கண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. விழித்திரை நோய்க்கு வெர்ட்டிபோர்பின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி, சிவப்பு லேசர் காட்டி வேலை செய்ய வைப்பது 2000-லேயே வந்துவிட்டது.

அவள் அழுதது வெளிச்சத்துக்காக இல்லை மணியம். இருட்டில் கசிகிறது. அலுமினியத் தாள் சுற்றி மேசை டிராயரில் வைத்தாலும் மருந்து தானாக வெளியே வந்துவிடுகிறது. ரத்தத்தில் நீர்த்துப்போனால் உருண்டையே பிரிந்துவிடும் என்ற பயம் வேறு.

மரத்தில் ரப்பர் பால் வடிய என் அம்மா வைக்கும் மங்கு ஞாபகம் வந்துவிட்டது. ரப்பர் பாலும் இதே சங்கதிதானே, தண்ணீரில் மிதக்கிற பாலிமர் பொடிகள், மேலே புரதமும் கொழுப்பும் சேர்ந்த தோல். ஆசிட் ஊற்றி உறைய வைக்க வேண்டிய இடம் ஸ்டோர். அதற்கு முன்னால் மங்கிலேயே முறிந்துவிட்டால்? அமோனியா சொட்டு போட மறந்த ஒரு நாள், முழு நிரை மரத்துப் பாலும் கட்டிவிட்டது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அதை விலை குறைந்த கட்டிப்பால் கணக்கில் எழுதினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைச் சின்னவளிடம் சொன்னேன். “ஆயாவுக்கு அன்றைக்கு எவ்வளவு குறைந்தது?” என்று கேட்டாள். தொகை எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு ராத்திரி குழம்பு இல்லை, அது ஞாபகம் இருக்கிறது.

இப்போது நான் சொல்லக் கூசுகிற விஷயம். ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நல்ல சம்பளம். “போகட்டுமா?” என்றாள். “போம்மா” என்று சொல்லிவிட்டேன், யோசிக்காமல். சொன்னபோது மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, அதுதான் என்னை இன்றைக்குவரை தூங்கவிடவில்லை. ஆயா பாலெடுத்தாள், பேத்தி அதே பாலில் கையுறை முக்கப் போகிறாள். வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, அந்தச் சோறுதானே நாமும் தின்றோம். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்த விதம் இருக்கிறதே, நான் “போகாதே” என்று சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

இனி நான் வாயைத் திறந்தால் இன்னும் கெடுப்பேன். நீ பேசு. 1839-ல் குட்இயர் கந்தகத்தைப் போட்டுச் சூடாக்கி ரப்பர் சங்கிலிகளைக் குறுக்கே கட்டியதை நீ நாற்பது முறை பாடம் நடத்தியவன். அவள் உருண்டையையும் அப்படிக் குறுக்கே கட்டலாமாம். ரொம்ப இறுக்கினால் வெளிச்சம் பட்டாலும் திறக்காதாம், எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆறு மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். உனக்கு விடை தெரிய வேண்டும் என்று இல்லை. கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் அவளுக்கு.

மாதக் கடைசிக்குள் அந்த வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் கூப்பிடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே, பல் வலி என்று ஆரம்பி, நம்புவாள்.

உன் வீட்டில் என் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
கட்டையன்