வள்ளி ஏன் தண்ணீர் குடிப்பதில்லை: விழாக் கமிட்டியாருக்கு ஒரு மடல்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் விழாக் கமிட்டி அண்ணன்மார்களுக்கு, ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம் கட்டும் ஒருத்தியின் வணக்கம்.

பங்குனி பிறந்தால் ஆடி வரைக்கும் எங்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. பத்து மணிவாக்கில் சிரிப்புக் காட்டும் பபூன் மேடையேறினால், முடிய விடிந்துவிடும். ‘வள்ளி திருமணம்’ என்றால் நான் வெளியே வரவே நள்ளிரவு தாண்டும். அப்புறம் ஆலோலம் பாட்டு, நாரதரோடு தர்க்கம், வேடனாக வரும் முருகனோடு தர்க்கம். எல்லாம் ஐந்து கட்டையில், உச்சமான சுருதியில். நாங்கள் ஆடும் இந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர், நான் ஒரு ஊர். அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து உங்கள் ஊர் மேடையில்தான் சந்திப்போம். இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம், வண்டி ஓடிவிடும். 1922இல் காலமான மனிதர், இன்றைக்கும் எங்களுக்குச் சோறு போடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை பாட வேண்டிய நான், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடம் இல்லை, அதுதான் காரணம். மூன்று மணிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்போது, “வள்ளிக்குக் குரல் போயிருச்சு” என்று முன்வரிசையில் யாராவது சொல்வது மேடைவரைக்கும் கேட்கும். நீங்கள் போடும் ராச்சாப்பாடு பிரமாதம், குறை சொல்லக் கூடாது. அதிலும் பாதிதான் சாப்பிடுகிறேன்.

போன பங்குனியில் ஓர் ஊரில் மேடைக்குப் பின்னால் கீற்றை நட்டு, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அதுதான் மேக்கப் ரூம். ஒற்றைக் குண்டு பல்பு, அதைச் சுற்றி ஈசல். ஆண்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பழைய படுதா. டான்ஸ் பொண்ணு புடவையை விரித்துப் பிடித்துக்கொள்ள, நான் ஜாக்கெட் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கீற்று விலகி, சந்தில் ஒரு செல்போன் நீள்கிறது. நான் கத்தவில்லை. முன்னால் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தது, கத்தினாலும் கேட்காது. கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கீற்றில் ஓங்கி ஒரு குத்து குத்தினேன், போன் உள்ளே விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் மேடையேறி, கவண் சுற்றிக் கிளி விரட்டினேன். அதே ஊரில்தான் விடிகாலையில் ஒரு பாட்டி, என்னை வள்ளியாகவே நினைத்துப் பேத்தி நெற்றியில் திருநீறு பூசச் சொன்னார்.

அங்கிருந்து நூறடி தூரத்தில் பள்ளிக்கூடம். கக்கூஸ் உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு, பூட்டும் உண்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் மூன்று பேரைக் கை காட்டினார்கள். மூவரும் நாடகம் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

சம்பளத்தைக் கூட்டிக் கேட்டு இதை எழுதவில்லை (கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்). பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை. பள்ளிக்கூடமோ சமுதாயக்கூடமோ பக்கத்து வீடோ, எதுவானாலும் சரி. அங்கே ஒரு கக்கூஸ், ஒரு வாளி. போகிற வழிக்கு ஒரு டியூப் லைட். பந்தல்காரருக்கும் மைக்செட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே இதையும் பேசி முடித்துவிடலாம். நோட்டீஸில் எங்கள் போட்டோவை அச்சடிக்கும்போது, சாவி யார் கையில் இருக்கும் என்று எங்களை ஏற்பாடு செய்யும் நாடக ஏஜெண்டிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அடுத்த வாரமும் ஏதோ ஒரு கமிட்டிக்கு வள்ளி