வீட்டு பீரும் சம்சுவும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் பீர் காய்ச்சுவதும் சம்சு என்ற மலிவு நாட்டுச் சாராயம் காய்ச்சுவதும் ஒன்றுதான் என்று எங்கள் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் அடித்துப் பேசுகிறார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் பல உயிர்களைக் குடித்தது போலி மதுவில் இருந்த மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். மால்ட் (முளைகட்டிய பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), ஈஸ்ட் போட்டு நொதிக்கவிடும் பீரில் அந்த ஆபத்து இல்லை. அதை வாலை வடிப்பதும் கிடையாது.

இங்கே பெரிய தொல்லை வெயில்தான். ஏல் என்ற பீர் வகைக்குப் போடும் பெரும்பாலான ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி தோது. தகரக் கூரை வீட்டில் பகலில் 30-ஐத் தாண்டிவிடும், பீரில் பெயிண்ட் தின்னர் வாடை ஏறும். பழைய ஐஸ்பெட்டி ஒன்று இருந்தால் பிழைத்தோம். நொதித்து முடியும் முன்னே அடைத்த பாட்டில் வெடிக்கும், அது நிஜ ஆபத்து. சாமான் கிடைக்கவில்லை என்று ரொட்டி ஈஸ்டில் சமாளிப்பவர்கள் தயவுசெய்து என்னிடம் கிளாசை நீட்டவேண்டாம்.

அப்புறம் சட்டம். மலேசியாவின் 1976 கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் பீர் தயாரிக்க முடியாது. சிங்கப்பூரில் விற்காமல் சொந்த உபயோகத்துக்கு ஒரு வீடு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அப்படியொரு விதியைச் சுங்கத்துறை இங்கேயும் பரிசீலிக்கட்டும்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்