அட்டாலியில் கிடந்த டப்பா

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளை,

பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு வருவாய் என்று பார்த்தேன், வரவில்லை. சரி, சேதியைக் கேள். ஓடு மாற்ற ஆள் வந்ததால் அட்டாலியை, அந்தப் பரணைக் காலி செய்தோம். பழைய போசிகளுக்குப் பின்னால் நம் பிஸ்கட் டப்பா கிடந்தது. உள்ளே 2003-இல் நாம் எழுதி வைத்த ஐந்து சிடி. கூடவே பனியன் துணியில் சுற்றிய ஹார்டு டிஸ்க். 2006-இல் கம்ப்யூட்டரைப் பழைய விலைக்குத் தள்ளியபோது கழற்றி அதில் போட்டேன், மறந்தே போனேன். உன் அமுச்சிப் பாட்டியிடமும் காங்கேயம் பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டுக் கேட்டு நாம் சேர்த்த ஊர்ச் சொற்கள் எல்லாம் அதில்தான்.

"சிடியில் இருக்கிறது, பயமில்லை" என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தோமா? இப்போது போட்டால் ஐந்தும் படிக்கவில்லை. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் பொத்தல் பொத்தலாக வெளிச்சம் வருகிறது. எழுதுவதெல்லாம் அடிப்பக்கத்தில் பதிகிறது என்றுதானே பத்திரமாகப் பிடித்தோம்? வெள்ளிப்பூச்சு இருப்பது மேல்பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே. நீ பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி "சொல் 1", "சொல் 2" என்று எழுதினாயே, அந்த எழுத்தே கீறலாகிவிட்டது. உன்னைக் குறை சொல்லவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய மூன்றும் என் வேலை, அவை பூச்சோடு உரிந்து வருகின்றன. மிச்சத்தை ஓட்டுக்கூரைச் சூடு பார்த்துக்கொண்டது.

அப்புறம் இருந்தது டிஸ்க்தான். அந்தக் காலத்து 40 பின் ஐடிஇ இணைப்பு. கோயம்புத்தூரில் ஒரு கடையில் காட்டினேன், தூக்கிப் போடுங்கள் என்றார்கள். மனசு கேட்கவில்லை. யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் ஒன்று வாங்கி வந்தேன். சுற்றுகிறது, ஆனால் கண்ணில் படவில்லை. அரை நாள் கழித்துத்தான் உறைத்தது, பின்னால் இருக்கும் ஜம்பர் என்ற சின்னச் செருகி, இரண்டாவது டிஸ்க் என்று காட்டும் ஸ்லேவில் இருந்தது! சாமணத்தால் பிடுங்கி, முதல் டிஸ்க் என்று காட்டும் மாஸ்டரில் குத்தினேன். உடனே விண்டோஸ், "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. நல்லவேளை, கை பொத்தானுக்குப் போகவில்லை.

டிஸ்கைப் பிடுங்கி லினக்ஸில் மாட்டி, கெட்ட டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரலை ஓட்டினேன். கடலைக்காய்க் காட்டில் முதலில் செடியோடு வருவதைப் பிடுங்கிவிட்டு, மண்ணில் தங்கியதை அப்புறம் கொத்திப் பொறுக்குவார்களே, அதே முறைதான். சுலபமாக வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து கிளறுகிறது. எது வந்தது எது வரவில்லை என்று ஒரு கணக்குக் கோப்பு வைத்துக்கொள்வதால், நடு ராத்திரி கரண்ட் போய் வந்த பிறகும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. முழு நகல் கையில் வந்ததும் அசலை எடுத்து வைத்துவிட்டேன். மற்ற வேலையெல்லாம் நகலில்தான்.

வேர்டு கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை, தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டேப் (TAB) என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டில் அடித்திருக்கிறோம். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் இப்படித்தான் தெரியும். இப்போதைய யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றுவதும் நேர் வேலை இல்லை. "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள். பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், க அப்புறம், கால் கடைசியில். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. மாற்றும் நிரல் அதையெல்லாம் சரியாகவே செய்தது. செய்யாதது உன் கைவேலையை! துணைக்கால் போட வேண்டிய இடத்தில் நீ பாதிக்கு மேல் "ர" அடித்திருக்கிறாய். அன்றைக்குப் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருந்தது. இப்போது காடெல்லாம் கரடாகிவிட்டது. "கொறங்கரடு: கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் நிற்கும் மேய்ச்சல் நிலம்." இதைக் கையால்தான் திருத்த வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பக்கம் பார்க்கிறேன்.

குரல் பதிவுகள்தான் கஷ்டம். நிமிடத்துக்கு 10 எம்பி பிடிக்கிறது என்று சிடியில் ஏற்றியதும் டிஸ்கில் அழித்துவிட்டோமே. அழித்தாலும், மேலே வேறு எதுவும் எழுதாத வரை தகவல் கிடக்கும். அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற நிரல் அதைத் தேடியது. பிறகு மூன்று வருடம் கம்ப்யூட்டரை நாம் ஓட்டியதில் பெரும்பாலும் போய்விட்டது. பெயரில்லாமல் வெறும் எண்ணோடு சில துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றில் அமுச்சி. நாலு நிமிடம். இட்டேரி என்றால் இரண்டு வேலிக்கு நடுவே வண்டி போகிற தடம் என்று சொல்லிக்கொண்டே வந்து, "அந்தப் பொட்டிய அமுத்தாத சாமி, கன்னுக்குட்டி கத்துது பாரு" என்று உன்னைத் திட்டுகிறார். பின்னால் கன்றுக்குட்டியும் கத்துகிறது.

வாட்ஸப்பில் அனுப்ப மனசு வரவில்லை. இத்துடன் இருக்கும் பென் டிரைவில் போட்டிருக்கிறேன். இன்னொரு நகல் என் லேப்டாப்பிலும், ஒன்று மகனிடமும் இருக்கின்றன. மூன்றையும் திறந்து கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு வேலை உனக்கு. பதிவு செய்த அசல் காசெட்டுகள் காங்கேயத்து வீட்டு இரும்புப் பீரோவில், கீழ்த்தட்டில் இருந்தன என்று எனக்கு ஞாபகம். கிடைத்தால் அங்கேயே ஓட்டிப் பார்க்காதே, அந்த டேப் ரெக்கார்டரில் போட்டால் நாடா சிக்கிக்கொள்ளும். அப்படியே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வா.

உன்
மச்சான்