போயா பார்த்து டிக்கெட் போடு, மகள்

அன்பு மகள்,

ஆகஸ்டில் பிள்ளைகளோடு மட்டக்களப்புக்கு, நம் கல்லடிக்கு வருவதாக எழுதியிருந்தாய். டிக்கெட் போடுவதற்கு முன், போயா, அதாவது பூரணை, எந்த நாள் என்று பார். வாவியில் மீன் பாடுவதைக் கேட்கச் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் தோது. அதிலும் பூரணையை ஒட்டிய இரவுகள். கரையில் நின்று கேட்க முடியாது. தோணியில் பாலத்தடிக்குப் போய், எஞ்சினை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு ஒட்டி வைக்க வேண்டும். 2013இல் திறந்த புதுப்பாலத்தில் வாகனம் ஓயாமல் ஓடும். அந்த இரைச்சலில் மெல்லிய ஓசை அமுங்கிவிடும். ஆகவே இரவு பிந்திப் போங்கள். பாடுவது மீனா சிப்பியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பக்கத்திலுள்ள பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டியது. அதில் மருமகனை நடத்தியே கூட்டி வா. வாவியின் அகலம் அப்போதுதான் விளங்கும்.

வரைபடத்தைப் பார்த்துவிட்டு, டச் பார், நாவலடி வழியாக நேரே வெளிச்சவீட்டுக்குப் போகலாம் என்று பலர் வெளிக்கிடுவார்கள். நடுவில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் இருக்கிறது. 1913இல் கட்டிய வெளிச்சவீடு அதற்கு அப்பால், பாலமீன்மடுவில். திரும்பிப் பாலம் தாண்டி, பட்டினத்தால் சுற்றித்தான் போக வேண்டும். மாரியில் வாவி நிரம்பி வயல்கள் மூழ்கும்போது, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டித்தான் வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். வெட்டப் பிந்தினால் வேளாண்மை அழுகிப்போகும்.

நாவலடியின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல். 2004 டிசம்பர் 26இல் அலை வந்தபோது சனம் ஓட மேட்டுநிலமே இல்லை. தப்பியவர்களில் பலரைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். டச் பாரில் இருந்த, போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் குடும்பங்களுக்கும் அதே கதிதான். திருச்செந்தூர் முருகன் கோயிலில் அன்று சரிந்த கோபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டு. அலையின் பலத்தை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

கடலில் குளிப்பதென்றால் கவனம். பாசிக்குடா போல வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர் இங்கே கிடையாது, சீக்கிரமே ஆழமாகிவிடும். நீங்கள் வரும் காலத்தில் வீசும் கச்சான், கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. கடல் அமைதியாகத் தெரியும், ஆனால் காற்றடைத்த டியூபில் இருக்கும் பிள்ளை கண்மூடித் திறப்பதற்குள் வெளியே போய்விடும். டியூபைக் கொண்டுவரவே வேண்டாம்.

மருமகன் ஹெர்மிஸ் கப்பலுக்குச் சுழியோட ஆசைப்படுகிறார் என்றாய். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாழ்த்திய அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு 40 மீற்றர்தான் எல்லை. ஆழச் சுழியோட்டப் பயிற்சியும் அதற்கான வாயுக் கலவையும் இல்லாமல் இறங்கக் கூடாது. மேலே வரும்போதும் இடையிடையே தரித்துத்தான் வர வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் ஆசையை விடச் சொல்.

தமிழறிஞர் விபுலாநந்த அடிகளின் சமாதி கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவுக்குள். பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதிய யாழ்நூல் அரங்கேறிய அடுத்த மாதமே, 1947 ஜூலையில், அவர் மறைந்தார். நம் வாவியின் ஓசையைப் பற்றி 'நீரரமகளிர்' என்று பாட்டும் எழுதியவர். ஆகஸ்ட் விடுமுறையில் படலை பூட்டியிருக்கக் கூடும். முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். திகதி முடிவானதும் எழுது, தோணிக்காரரிடமும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா