பிப்ரவரி மாதத்துக்கு யார் பட்ஜெட் போடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகள் செலவைச் சமாளிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாத வருமானத்தை மூன்றாகப் பிரி, வெளியே டீ குடிக்காதே, நோட்டில் கணக்கெழுது என்று போகிறது. சரி, மாதாமாதம் பணம் வருகிறவர்களுக்கு அது பொருந்தும். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அறைகளை பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் படிக்கிற பெண்பிள்ளைகளுக்குப் பல வருஷமாக வாடகைக்கு விடுவதால், கை எப்போது கடிக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இங்கே படிப்பு வருஷம் பிப்ரவரியில் தொடங்குகிறது. பதிவுக் கட்டணம், முதல் மாத வாடகை, டெபாசிட், பானை, போர்வை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும், ஆனால் எந்த உதவித்தொகையை நம்பி ஊரைவிட்டு வந்தார்களோ அது மட்டும் வந்திருக்காது. மார்ச் ஆகிவிடும், சிலருக்கு ஏப்ரல். அப்புறம் மொத்தமாக வந்து விழும்போது பாதி கடனுக்கே போய்விடும். திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகையும் பொதுவாகக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால்தான். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போனால் சுலபமாக அந்தக் கோட்டைத் தாண்டிவிடும், அந்த வீட்டுப் பிள்ளைகள் படும் பாடு வெளியே தெரிவதே இல்லை.

சாப்பாட்டில் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள். வாட் வரி 15 சதவீதம், ஆனால் அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், முட்டை, பால், பிரவுன் பிரெட், டின் பில்சர்ட் மீன் இதற்கெல்லாம் வரி கிடையாது. கோழிக்கு உண்டு, வெள்ளை பிரெட்டுக்கும் உண்டு. என் வீட்டுப் பிள்ளைகள் கூட்டுச் சேர்ந்து 10 கிலோ அரிசி மூட்டையாக வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பானையில் சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பீன்ஸ் குழம்பு வைத்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஊற்றி, மூடியில் பேர் எழுதி ஃப்ரீசரில் அடுக்கிவிடுவார்கள். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்திலிருந்து வந்த பெண் இப்போது என்னைவிட அதிகமாக மிளகாய்த்தூள் போடுகிறாள்! இவர்களிடம் போய் டீயை நிறுத்து என்றால் எப்படி?

கரண்டு ப்ரீபெய்ட் மீட்டர்தான். அதில் பெரும்பாலும் கீசர்தான் காசைத் தின்கிறது, காலையில் கொஞ்ச நேரம் போட்டு அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்தே போய்வந்தால் செலவில்லை என்று நினைக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். டர்பனுக்கு வடக்கே இருக்கிற டொங்காட்டிலிருந்து வருகிற பிள்ளை டவுனில் இறங்கி இன்னொரு மினிபஸ் டாக்சி பிடிக்க வேண்டும், போக வர நாலு டாக்சி. அதை மாதத்துக்குக் கூட்டி, பங்கு அறையின் வாடகையோடு ஒரு தரம் வைத்துப் பாருங்கள். (1961இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்து சாலிஸ்பரி தீவில் கல்லூரி திறந்தபோது படகேறிப் போனார்கள். நம்மவர்களுக்குப் படிப்பு என்றைக்குமே தூரத்தில்தான்.)

ஆகவே அடுத்த முறை எழுதும்போது பிப்ரவரியிலிருந்து தொடங்குங்கள். டிசம்பர் விடுமுறையில் மால்களில் வேலை செய்து வாங்கும் சம்பளத்தை அந்த மாதத்துக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். ஜனவரியில் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) ரிசல்ட் வந்ததும் கூடாரம் போட்டு விருந்து வைக்கிற மாமா, சித்தப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்தக் காசில் இரண்டு மாத வாடகை வரும். வீட்டுக்காரர்களுக்கும்தான்: நான் டெபாசிட்டை மூன்று தவணையாக வாங்குகிறேன், இதுவரை யாரும் ஏமாற்றவில்லை. எங்கள் தெருவில் மற்றவர்கள் இன்னும் மொத்தமாகத்தான் கேட்கிறார்கள். அவர்களும் உங்கள் இதழைப் படிக்கிறவர்கள்தான்.

இப்படிக்கு,
ரிசர்வாயர் ஹில்ஸ் வாசகி, டர்பன்