மன்னார்குடிக்கு ஒரு கடிதம்: அந்தத் தொண்ணூறு நிமிடம்

எடிசன், நியூ ஜெர்சி
13 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக டிரம்போடு நடந்த டிவி விவாதத்தில் "கமலா ஜெயிச்சிடுச்சா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டிருந்தீர்கள். அவருடைய தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த துளசேந்திரபுரம் உங்களுக்குக் கூப்பிடு தூரம்; ஆவல் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. பட்டிமன்றம் என்றால் கடைசியில் நடுவர் எழுந்து தீர்ப்புச் சொல்வார். இங்கே கேள்வி கேட்க இரண்டு நெறியாளர்கள் உண்டு, தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது.

10ஆம் தேதி இரவு பிலடெல்பியாவில் ஏபிசி டிவி நடத்திய விவாதத்துக்கு விதிகள்தான் முக்கியம். அரங்கில் பார்வையாளர் இல்லை, கைதட்டலும் இல்லை. ஒரு பதிலுக்கு 2 நிமிடம், எதிராளியின் மறுப்புக்கு 2 நிமிடம், விளக்கம் தேவைப்பட்டால் இன்னொரு நிமிடம். கையில் வெற்றுத்தாள், பேனா, ஒரு தண்ணீர் பாட்டில். எழுதிக்கொண்டு வந்த குறிப்புச்சீட்டுக்கு அனுமதி இல்லை. இரண்டு விளம்பர இடைவேளையிலும் உதவியாளர்களோடு பேசக்கூடாது. நாணயம் சுண்டியதில் டிரம்புக்கு விழுந்தது. கடைசியாகப் பேசும் வாய்ப்பை அவர் எடுத்துக்கொண்டார். கமலா திரையின் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் அணைந்திருக்கும். நம் ஊர் ராத்திரி விவாதம் மாதிரி ஆறு கட்டங்களில் ஆறு தலைகள் ஒரே நேரத்தில் கத்துவது நடக்காது. கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் தெரியும், ஆனால் அதில் இரண்டு ஓட்டை. நெறியாளர் மனம் இளகி மைக்கைத் திறந்துவிட்டால் கடிகாரக் கணக்கு கலைந்துவிடும். டிரம்ப் சுமார் 43 நிமிடம் பேசினார், கமலாவுக்கு 37 சொச்சம்தான். இன்னொன்று, மைக்கை அணைக்கலாம், முகத்தை அணைக்க முடியாது. திரை இரண்டாகப் பிரிந்தே இருப்பதால் பேசாதவரின் பாதிதான் பல நேரம் அதிகம் பேசுகிறது. கமலா அதற்குத் தயாராக வந்திருந்தார்: புருவம் தூக்குவது, முகவாயில் கை வைப்பது, டிரம்ப் பக்கம் திரும்பியே நிற்பது. டிரம்ப் பெரும்பாலும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார்.

யூடியூபில் பார்க்கும்போது ஒரு இடத்தைத் தவறவிடாதீர்கள். பொருளாதாரம், கருக்கலைப்பு முடிந்து மூன்றாவதாகக் குடியேற்றம் வரும். மெக்சிகோ எல்லையில் நடவடிக்கை எடுக்க ஏன் இவ்வளவு தாமதம் என்று கமலாவைக் கேட்கிறார்கள். அவருடைய கட்சிக்குச் சங்கடமான கேள்வி. எல்லைக் காவலை இறுக்கும் மசோதாவை டிரம்ப்தான் கெடுத்தார் என்று சொல்லிவிட்டு, சம்பந்தமே இல்லாமல், "அவர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், ஜனங்கள் அலுத்துப்போய்ப் பாதியிலேயே எழுந்து போகிறார்கள்" என்று ஒரு தூண்டிலைப் போட்டார். நெறியாளர் டேவிட் முயர் டிரம்பிடம் கேட்டதோ மசோதாவைப் பற்றி. அவர் அதை விட்டுவிட்டு முதலில் கூட்டத்துக்குப் பதில் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வந்தேறிகள் நாய்களைத் தின்கிறார்கள் என்பதில் போய் நின்றார். அப்படி நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்று அந்த நகர நிர்வாகி சொன்னதை முயர் அங்கேயே சொன்னார். டிரம்புக்கு வாகான தலைப்பு கையை விட்டுப் போனது இப்படித்தான். சாமர்த்தியம் என்பேன், பதில் என்று சொல்லமாட்டேன்.

ஏனென்றால் கமலாவும் நழுவினார். நாலு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட மக்கள் இப்போது நன்றாக இருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம், இல்லை எதுவும் சொல்லாமல், நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்த கதைக்குப் போய்விட்டார். அதற்கு யாரும் மடக்கவில்லை. திருத்தம் எல்லாம் டிரம்புக்கே விழுந்ததால், மூன்று பேர் சேர்ந்து ஒருவரை அடித்தார்கள் என்று டிரம்பின் குடியரசுக் கட்சிக்காரர்கள் கொதிக்கிறார்கள். பொய்யின் அளவு ஒன்றல்ல என்பது மறுதரப்பின் வாதம்.

எல்லாம் முடிந்ததும் பக்கத்து அறையில் இரு கட்சிக்காரர்களும் நிருபர்களிடம் "எங்க ஆளுதான் ஜெயிச்சார்" என்று ஓதுவது வழக்கம். வேட்பாளர் அங்கே வருவது அபூர்வம்; இந்த முறை டிரம்ப் தானே வந்து ஓதினார். ஜெயித்த தெம்பில் இருப்பவர் நேரே வீட்டுக்குப் போவார் என்பது என் கணக்கு.

பார்த்தவர்களிடம் சிஎன்என் உடனே எடுத்த கருத்துக்கணிப்பில் 63க்கு 37 என்று கமலா பக்கம். அதை ஓட்டாக எண்ணிவிடாதீர்கள். நாடு முழுக்க 6 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள், ஆனால் முடிவு ஏழெட்டு மாநிலங்களில்தான் இருக்கிறது. அதிபரைத் தீர்மானிப்பது ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று ஒதுக்கிய தேர்வாளர் வாக்குகள்தான்; விவாதம் நடந்த பென்சில்வேனியாவுக்கே 19. ஜெயிக்க 270 வேண்டும். ஜூன் மாத விவாதத்தில் பைடன் தடுமாறி, ஜூலையில் போட்டியிலிருந்தே விலகியது போன்ற சேதம் இதில் யாருக்கும் இல்லை.

ஒருமுறை சத்தத்தோடு பாருங்கள். பிறகு அதே குடியேற்றப் பகுதியைச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். அத்தையையும் கூட உட்கார வையுங்கள். இங்கிலீஷ் புரியவில்லை என்று அவர் தயங்க வேண்டியதில்லை, யார் கோபப்பட்டார் என்று அவரே முதலில் சொல்வார்.

அக்டோபர் 1 அன்று துணை அதிபர் வேட்பாளர்கள், டிரம்ப் பக்கம் வான்ஸும் கமலா பக்கம் வால்ஸும், மோதுகிறார்கள். இங்கே இரவு 9 மணி, உங்களுக்கு 2ஆம் தேதி காலை 6.30. பார்த்துவிட்டு உங்கள் தீர்ப்பை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்